அம்மா அனுப்பிய மெஷின்

ஜூலை 3

தங்கச்சிக்கு,

நான்கு ஞாயிற்றுக்கிழமையாக நீ என்னோடு பேசவில்லை. போனை எடுத்ததும் "மிளகுகிட்ட குடு" என்கிறாய். பேசி முடித்து அவள் போனை என் பக்கம் நீட்டுவதற்குள் வைத்துவிடுகிறாய். "அம்மாவுக்கு டியூட்டிக்கு நேரமாயிடுச்சாம் பெரியம்மா" என்று அவளே ஒரு சமாதானம் சொல்கிறாள். ஒன்பது வயசுப் பிள்ளை உனக்காகப் பொய் சொல்ல வேண்டியிருக்கிறது. அதனால்தான் எழுதுகிறேன். கிழித்துப் போடுவதானால் படித்துவிட்டுக் கிழி.

ஆமாம், மறைத்தேன். ஏழு வாரம் மறைத்தேன். ஏப்ரலில் அவள் குழாயடியிலேயே நின்று தண்ணீராகக் குடித்தாள், சட்டையெல்லாம் தொளதொளவென்று ஆனது. ஆஸ்பத்திரியில் சர்க்கரை நோய் என்றார்கள். சின்னப் பிள்ளைகளுக்கு வருகிற வகையாம், ஆயுசுக்கும் இன்சுலின் ஊசிதானாம். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அன்றைக்கு நீ வெளிநாடு போய் ஐந்து மாதம். அந்த ஆஸ்பத்திரியில் உன்னை நிரந்தரமாக்கும் பரீட்சை மே கடைசியில். ஒன்றரை வருஷம் அங்கே முடித்தால்தான் மிளகை உன்னோடு அழைத்துக்கொள்ள முடியும் என்று நீதானே சொன்னாய்? அவள் அப்பாவும் இல்லாத நிலையில் உனக்கு இருக்கிற ஒரே வழி அது. சொன்னால் அன்றைக்கே பெட்டியைக் கட்டியிருப்பாய். பரீட்சை முடிந்த பிறகு சொன்னேன். தப்புத்தான். ஆனால் துரோகம் என்றாயே, அந்த வார்த்தை எனக்கு இன்னும் செரிக்கவில்லை.

பள்ளிக்கூடத்தில் புதிதாக ஒரு தலைவலி. தலைமை ஆசிரியை என்னை நிற்க வைத்தே பேசினார். "எங்ககிட்ட நர்ஸ் கிடையாதும்மா. மதியம் ஊசின்னா வீட்டு ஆள் வந்து போடணும். இல்லேன்னா வேற ஸ்கூல் பாத்துக்குங்க." அதனால் தினமும் பன்னிரண்டரைக்கு மூக்குக் கண்ணாடிக் கடையிலிருந்து ஓடுகிறேன். முதலாளி முனகிக்கொண்டே விடுகிறார். ரத்தத்தைப் பார்த்தால் மயங்கி விழுகிறவள் நான், உனக்குத் தெரியும். இப்போது விழுவதற்கு நேரமில்லை.

அக்கா


ஜூலை 15

அக்காவுக்கு,

கடிதம் வந்தது. கிழிக்கவில்லை.

இந்த வார்டில் ஒரு நாளைக்கு முப்பது ஊசிக்குக் குறையாமல் போடுகிறேன். அதில் பாதி இன்சுலின். எல்லாரும் முன்பின் தெரியாதவர்கள். ஒவ்வொருவரின் கையைப் பிடிக்கும்போதும் மிளகின் கை இப்போது எவ்வளவு இருக்கும் என்று யோசிக்கிறேன். எனக்குத் தெரியவில்லை. என் மகளுக்கு இன்று வரை நான் ஒரு ஊசிகூடப் போட்டதில்லை. ஊரார் பிள்ளைக்கெல்லாம் போடுகிறேன். என் பிள்ளைக்குக் கண்ணாடிக் கடையில் வேலை செய்கிற அக்கா போடுகிறாள்.

ஏழு வாரம் என்று நீ சுலபமாக எழுதிவிட்டாய். அதில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டு என்னோடு பேசியிருக்கிறாள். "வீட்லதான் இருக்கேன்மா, கார்ட்டூன் பாக்கறேன்" என்றாள். நானும் சிரித்துக்கொண்டு என்ன கார்ட்டூன் என்று கேட்டேன். அதை நினைத்தால் உன்னோடு பேச வாய் வரவில்லை. நீ கெட்டவள் என்று நான் நினைக்கவில்லை. ஆனால் பேச வரவில்லை.

ஊசியை ஒரே இடத்தில் போடாதே. வயிறு, தொடை என்று மாற்றிக்கொண்டே இரு. இன்சுலினை ஃப்ரீஸருக்குப் பக்கத்தில் வைக்காதே. பையில் எப்போதும் ஜூஸ் டப்பா இருக்க வேண்டும். நர்ஸாக எழுத முடிகிறது. அம்மாவாக எழுத உட்கார்ந்தால் பேனா நகரவில்லை.

தங்கை


ஜூலை 28

தங்கச்சிக்கு,

நீ நர்ஸாகவே எழுது. எனக்கு அதுவும் போதும்.

மதியம் எப்படி நடக்கிறது என்று சொல்கிறேன். ஆபீஸ் அறையில் விளையாட்டுக் கோப்பைகள் வைத்த அலமாரிக்கும் உடைந்த நாற்காலிகளுக்கும் நடுவில் ஒரு பெஞ்சு. அங்கேதான் எங்கள் ஆஸ்பத்திரி. மிளகு ஓடி வருவாள். விரலைத் தானே குத்திக்கொள்வாள். சுகர் மெஷினில் நம்பரைப் பார்ப்போம், நான் கணக்குப் போட்டு ஊசியில் மருந்து ஏற்றுவேன், அவள் சட்டையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "சீக்கிரம் பெரியம்மா, எல்லாரும் சாப்பிட்டுட்டு விளையாடப் போயிடுவாங்க" என்று என்னை விரட்டுவாள். முதல் வாரம் ஒரு பையன் நோய் ஒட்டிக்கொள்ளும் என்று பெஞ்சு மாறி உட்கார்ந்தானாம். இவள் அவனிடம், ஆமாம், என்னைத் தொட்டால் உனக்குக் கணக்குப் பாடமும் ஒட்டிக்கொள்ளும் என்றிருக்கிறாள். இப்போது அவன்தான் இவளுக்கு இடம் பிடித்து வைக்கிறான். வாய் உன் வாய்தான்.

வகுப்பு டீச்சர் ஒரு சின்னப் பெண், வேலைக்குச் சேர்ந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. தானாக வந்து, "எனக்கும் ஊசி போடக் கத்துக்குடுங்க, என்னிக்காவது உங்களால வர முடியலேன்னா?" என்றாள். பாத்திரம் தேய்க்கிற ஸ்பாஞ்சில் குத்திக் குத்திப் பழகுகிறாள். நான் ஒரு தாளில் எல்லாம் எழுதி அவள் அலமாரிக் கதவின் உட்புறம் ஒட்டியிருக்கிறேன். எழுபதுக்குக் கீழே இருந்தால் ஊசி கூடாது, ஜூஸ் கொடுக்க வேண்டும். பதினைந்து நிமிடம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். எழுபதைத் தாண்டும் வரை ஜூஸ். இதெல்லாம் டாக்டர் சொன்னதுதான்.

உன் அத்தான் மிளகுக்காகச் சர்க்கரையை விட்டுவிட்டார். வீட்டில் வெறும் தேநீர் குடித்துத் தியாகி மாதிரி முகத்தை வைத்துக்கொள்கிறார். வேலை பார்க்கிற பஸ் டிப்போவில் இரட்டைச் சர்க்கரை போட்டுக் குடிக்கிறார் என்று கண்டக்டர் என்னிடம் போட்டுக் கொடுத்துவிட்டார்.

அவள் காலண்டரில் நீ வருகிற நாள் வரை எண்ணுகிறாள். மே மாதம் அந்தக் காலண்டரில் இல்லை. அதனால் தானே ஒரு தாளில் கட்டம் போட்டு ஒட்டியிருக்கிறாள்.

அக்கா


ஆகஸ்ட் 24

அக்காவுக்கு,

நேராகவே கேட்கிறேன். காலையில் அவளுக்கு என்ன சாப்பிடக் கொடுக்கிறாய்?

பள்ளி மணி அடிக்கும் முன் அவளுடைய சர்க்கரை தினமும் பதிமூன்று, பதினான்கு இருக்கிறது. போன வியாழக்கிழமை பதினாறு. எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்காதே. தெரியும். நீ சொல்லாததை நான் வேறு வழியில் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது, அது என் தலையெழுத்து.

பாசத்தில் ஊட்டிவிடுகிறாய் என்று நினைக்கிறேன். உனக்குப் பிள்ளை இல்லாத ஏக்கம் எனக்குப் புரியாமல் இல்லை. ஆனால் அது என் மகளின் கண்ணிலும் சிறுநீரகத்திலும் போய் நிற்கும். டாக்டரிடம் காலை மருந்தின் அளவைப் பற்றிப் பேசு. உடனே பேசு.

தங்கை


செப்டம்பர் 3, புதன்

தங்கச்சிக்கு,

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். பதிமூன்றா? எழுபதுக்குக் கீழே போனாலே அவளுக்குக் கை நடுங்குகிறது, வேர்த்துக் கொட்டுகிறது. பதிமூன்று இருந்தால் பிள்ளை ஞாயிற்றுக்கிழமை உன்னோடு கதை பேசிக்கொண்டிருப்பாளா? நீ நர்ஸா, இல்லை நர்ஸ் வேஷமா? எந்தப் புண்ணியவான் உனக்கு இந்தக் கணக்கைச் சொன்னானோ, அவனையே வந்து பார்த்துக்கொள்ளச் சொல்.

பிள்ளையில்லாத ஏக்கம் என்று எழுதிவிட்டாய். எழுதும்போது உன் கை கூசவில்லையா? எனக்கு ஏக்கம் இருக்கிறது. இல்லையென்று சொல்ல மாட்டேன். மே மாதம் அவள் போன பிறகு இந்த வீடு எப்படி இருக்கும் என்று நினைக்கவே பயமாக இருக்கிறது. ஆனால் அதற்காக ஒரு பிடி கூடுதலாக ஊட்டியதில்லை. அளந்து வைக்கிறேன். அவள் இன்னும் கொஞ்சம் என்று கேட்கும்போது இல்லை என்று சொல்கிறவள் நான். நீ அல்ல.

நாளைக்கு ஒரு தொழிற்சாலையில் கண் பரிசோதனை முகாம். முதலாளியோடு போக வேண்டும், தட்ட முடியவில்லை. டீச்சர் முதல் தடவையாகத் தனியே ஊசி போடப் போகிறாள். மூன்று நாளாக அதே பேச்சுத்தான். நான் வேலையைப் பார்க்கிறேன்.

அக்கா


செப்டம்பர் 5, வெள்ளி
ஆஸ்பத்திரி

தங்கச்சிக்கு,

நேற்று ராத்திரி போனில் உன்னிடம் "இப்ப பரவாயில்ல, பொழச்சிட்டா" என்பதற்கு மேல் சொல்ல முடியவில்லை. நீயும் அழுதாய், நானும் அழுதேன், அதோடு லைன் போய்விட்டது. நடந்ததை எழுதுகிறேன். மிளகு தூங்குகிறாள். டிரிப்ஸை எடுத்துவிட்டார்கள். நாளை வீட்டுக்கு விடுகிறார்களாம்.

நேற்று மதியம் நான் இல்லை என்றதும் அவள் பையின் அடியிலிருந்து புது மெஷின் ஒன்றை எடுத்து டீச்சரிடம் கொடுத்திருக்கிறாள். "இது எங்கம்மா எனக்கு அனுப்பினது மிஸ். இன்னிக்கு இதுல பாக்கலாமா?" டீச்சருக்கு மெஷின் எல்லாம் ஒன்றுதான். பார்த்தால் பதினைந்து. பாவம், அந்தப் பெண் அலமாரிக்கு ஓடியிருக்கிறாள். அலமாரிக் கதவில் என்ன இருக்கிறது? எழுபதுக்குக் கீழே ஊசி கூடாது, ஜூஸ். கொடுத்தாள். பதினைந்து நிமிடம் கழித்துப் பதினேழு. ஏறுகிறது, கடவுளே என்று இன்னொரு ஜூஸ். இருபது. இன்னொன்று. இருபத்திரண்டு. எழுபது வரும் வரை விடக் கூடாது என்று நான்தானே எழுதியிருக்கிறேன்? நான்கு ஜூஸ் கொடுத்திருக்கிறாள், ஊசி போடவே இல்லை. பசிக்கிறது என்றாளாம், சாப்பாட்டையும் கொடுத்திருக்கிறாள். எனக்கு ஒன்பது தடவை போன் செய்திருக்கிறாள். என் பை முகாமில் ஒரு மேஜைக்கு அடியில் கிடந்தது.

மூன்று மணிக்கு மிளகு வாந்தி எடுத்தாள். டீச்சர் அவளைத் தூக்கிக்கொண்டு ரோட்டுக்கு ஓடி ஏதோ ஒரு வண்டியை மறித்து இங்கே சேர்த்திருக்கிறாள். நான் வந்தபோது டீச்சரின் உடையெல்லாம் வாந்தி, காலில் செருப்பு இல்லை. அறைந்துவிடுவது என்றுதான் ஓடி வந்தேன். அவளைப் பார்த்ததும் கை எழவில்லை.

டாக்டர்தான் விளக்கினார். ஒவ்வொரு ஊரில் சர்க்கரையை ஒவ்வொரு அளவில் சொல்வார்களாம். இங்கே நூற்று எண்பது என்பதை உங்கள் மெஷின் பத்து என்று காட்டுமாம். பதினெட்டால் பெருக்க வேண்டுமாம். அப்படியென்றால் டீச்சர் பார்த்த இருபத்திரண்டு, கிட்டத்தட்ட நானூறு. நீ எழுதிய பதிமூன்று, இருநூற்று முப்பதுக்கு மேல். நீ சொன்னது சரி. நான் எழுந்ததும் பார்ப்பேன், மதியம் பார்ப்பேன், நடுவில் பார்த்ததில்லை. காலை மருந்தை டாக்டர் இன்றைக்கே கூட்டிவிட்டார்.

மெஷின் எப்போது வந்தது என்று மிளகிடம் கேட்டேன். போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். கடைசியில், "அம்மா யார்கிட்டயும் சொல்லாதேன்னாங்க" என்று சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

அக்கா


செப்டம்பர் 16

அக்கா,

என்னோடு வேலை செய்கிற பெண் ஜூலை கடைசியில் விடுமுறைக்கு வந்தாள். அவளிடம் மெஷினைக் கொடுத்தனுப்பினேன். பள்ளி வாசலில் வைத்து மிளகு கையிலேயே கொடு, வீட்டில் யாருக்கும் தெரிய வேண்டாம் என்றேன். "நம்ம ரெண்டு பேருக்கும் மட்டும்" என்று சீட்டு எழுதி வைத்தேன். காலையில் மணி அடிக்கும் முன் பார்த்து எழுதி வை, ஞாயிற்றுக்கிழமை மெதுவாக எனக்குச் சொல் என்றேன். போனில் அவள் குரலைத் தாழ்த்தி "பதிமூணும்மா" என்று சொல்வாள். கவலையாகவும் இருக்கும், சந்தோஷமாகவும் இருக்கும். அந்த நம்பர் அவள் விரலிலிருந்து நேராக என்னிடம் வருகிறது, நடுவில் யாரும் இல்லை என்று நினைத்துக்கொள்வேன். அதற்காகத்தான் அனுப்பினேன். வேறு காரணம் சொன்னால் பொய்.

இந்த வேலை செய்கிற எனக்கு அளவு வேறு என்பது தெரியாதா? தெரியும். படித்திருக்கிறேன். ஆனால் தினமும் பார்க்கிற நம்பர் அது, வேறு ஒன்று இருக்கிறது என்ற நினைப்பே வரவில்லை. உன்னிடம் ஒரு வார்த்தை சொல்லி அனுப்பியிருந்தால் பெட்டியைத் திறந்த அன்றே நீ கண்டுபிடித்திருப்பாய். சண்டை போட்டாவது கண்டுபிடித்திருப்பாய்.

நீ மறைத்தது பொறுக்காமல் உன்னோடு பேசாதிருந்தேன். நான் மறைத்தேன், அதையும் பிள்ளையை வைத்து மறைத்தேன். ஒரு பக்கம் நீ அவளைக் கார்ட்டூன் பார்க்கிறேன் என்று சொல்ல வைத்தாய், இன்னொரு பக்கம் நான். நாம் இரண்டு பேரும் சேர்ந்து அந்தப் பிள்ளைக்கு இதைத்தான் கற்றுக்கொடுத்திருக்கிறோம். பிள்ளை இல்லாத ஏக்கம் என்று எழுதினேனே, அதற்கு மன்னிப்பு எப்படிக் கேட்பது என்று தெரியவில்லை.

ராஜினாமாக் கடிதம் எழுதி அலமாரியில் வைத்திருக்கிறேன். வா என்று சொன்னால் கொடுத்துவிட்டு வந்துவிடுகிறேன். மிளகை அழைத்துவர முடியாமல் போனாலும் பரவாயில்லை. அவளைப் பார்க்க வேண்டும் அக்கா. கண் எரிகிற அளவு பார்க்க வேண்டும் போலிருக்கிறது.

தங்கை


செப்டம்பர் 28

தங்கச்சி,

அந்த ராஜினாமாவைக் கிழித்துப் போடு. படிக்காமலே கிழி.

தலைமை ஆசிரியை என்னைக் கூப்பிட்டு, இனி இந்தப் பிள்ளை இங்கே வேண்டாம் என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் டீச்சர் உள்ளே வந்துவிட்டாள். உட்காரக்கூட இல்லை. "தப்பு என்னோடது மேடம். மெஷினப் பாத்தேன், பிள்ளையப் பாக்கல. தண்ணி தண்ணின்னு கேட்டுச்சு, அப்பவே எனக்குப் புரிஞ்சிருக்கணும். இனிமே மதிய ஊசி என் பொறுப்பு, எழுதித் தர்றேன். அவளை அனுப்பினா என்னையும் அனுப்பிடுங்க." தலைமை ஆசிரியை என்னைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், கடைசியில் ஆஸ்பத்திரியிலிருந்து யாராவது வந்து எல்லா டீச்சர்களுக்கும் சொல்லிக் கொடுத்தால் யோசிக்கலாம் என்றார். போன சனிக்கிழமை ஒரு நர்ஸ் வந்தார். பதினொரு டீச்சர்கள் ஸ்பாஞ்சோடு உட்கார்ந்திருந்தார்கள். தலைமை ஆசிரியையும் ஒன்று எடுத்துக் குத்திப் பார்த்தார்.

கதவில் இருந்த தாளை மாற்றிவிட்டேன். முதல் வரி, பிள்ளையைப் பார். நம்பர் அதற்கு அப்புறம்தான்.

அந்த மெஷினைத் தூக்கி எறியச் சொன்னேன். மிளகு தர மாட்டேன் என்று நெஞ்சோடு கட்டிக்கொண்டாள். விரல் குத்துகிற ஊசியும் ரத்தம் வைக்கிற பட்டியும் எடுத்துவிட்டு வெறும் டப்பாவை அவளிடமே விட்டுவிட்டேன்.

இனி உனக்கு எதையும் மறைக்க மாட்டேன். நல்லதோ கெட்டதோ, அன்றன்றைக்கே சொல்வேன். ஞாயிற்றுக்கிழமை என்னோடும் பேசு. இரண்டு நிமிடம் போதும்.

அக்கா


மார்ச் 9

அக்கா,

மிளகை அழைத்துவர அனுமதிக் காகிதம் வந்துவிட்டது. மே ஆறாம் தேதி வருகிறேன். மூன்று வாரம் இருந்துவிட்டு மிளகோடு திரும்புகிறேன். இங்கே வீட்டுக்குப் பக்கத்திலேயே ஒரு பள்ளி பார்த்துவிட்டேன். அவர்களிடம் நர்ஸ் இருக்கிறார். இருந்தாலும் நம் தாளை இந்த ஊர் அளவில் மாற்றி எழுதிக் கொடுத்தேன்.

ஒரு ஆசை. சொன்னால் சிரிக்கக் கூடாது. வந்து இறங்குகிற அன்று அவள் ஊசியை யாரும் போட வேண்டாம். நான் போட வேண்டும். முப்பது ஊசி போடுகிற கை, ஆனால் அதை நினைத்தால் இப்போதே வேர்க்கிறது. போன ஞாயிற்றுக்கிழமை அவள், "பெரியம்மா போட்டா வலிக்குதும்மா, நீ வந்து போடு" என்றாள். நீ பக்கத்தில் இருந்தாயா? உனக்கு வருத்தமாக இருந்திருந்தால் மன்னித்துக்கொள். எனக்கு அன்று முழுக்கத் தரையில் கால் பாவவில்லை.

உன்னிடமிருந்து அவளைப் பிரித்துக்கொண்டு போகிறேன் என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. அதை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை.

தங்கை


மார்ச் 21

தங்கச்சி,

பக்கத்தில்தான் இருந்தேன். வருத்தமெல்லாம் இல்லை. சிரிப்பை அடக்கிக்கொண்டு அடுப்படிக்குப் போனேன், அங்கே போனதும் அழுகை வந்துவிட்டது.

மறைக்க மாட்டேன் என்று உனக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன். அதனால் சொல்கிறேன். மிளகுக்கு நான் ஊசி போட்டு இரண்டு மாதம் ஆகிறது. டீச்சரும் போடுவதில்லை. ஜனவரியிலிருந்து அவளே போட்டுக்கொள்கிறாள். மதியம் பெஞ்சில் உட்கார்ந்து, தானே கணக்குப் போட்டு, தானே மருந்தை ஏற்றி, டீச்சரிடம் காட்டிச் சரிபார்த்துக்கொண்டு, வயிற்றைக் கிள்ளிப் பிடித்துச் சுருக்கென்று போட்டுவிட்டு விளையாட ஓடிவிடுகிறாள். முகம்கூடச் சுளிப்பதில்லை. கை துளியும் நடுங்குவதில்லை. முதல் நாளே உனக்குச் சொல்லத் துடித்தேன். அவள்தான் என் வாயைக் கையால் பொத்திவிட்டாள்.

"சொல்லாதீங்க பெரியம்மா. அம்மா இதுவரைக்கும் எனக்கு ஒண்ணுகூடப் போட்டதில்ல. எனக்கே தெரியும்னா அவங்க வந்து என்ன பண்ணுவாங்க? அம்மா வந்தா எனக்குத் தெரியாத மாதிரி இருந்துக்கறேன்."

உனக்குக் கொடுத்த வாக்கு ஒரு பக்கம், அவளுக்குக் கொடுத்த வாக்கு ஒரு பக்கம். இரண்டு மாதம் தாக்குப் பிடித்தேன். இனி முடியாது. அவளிடம் போய்ச் சொன்னேன், அம்மாவிடம் எதையும் மறைக்கக் கூடாது என்று நாம் பட்டுத் தெரிந்துகொண்டோம், நான் எழுதப் போகிறேன் என்று. அப்புறம், "சரி, எழுதுங்க. ஆனா தனக்குத் தெரியும்னு அம்மா என்கிட்ட காட்டிக்க வேண்டாம்னும் எழுதுங்க" என்றாள். எழுதிவிட்டேன்.

அவள் துணிகளை அடுக்கத் தொடங்கிவிட்டேன். போன வருஷத்துச் சட்டை ஒன்றுகூடப் பற்றவில்லை. நல்ல சதை போட்டிருக்கிறாள். நீ தூக்கினால் கை வலிக்கும். வீட்டிலும் சர்க்கரை போட்டுக்கொள்ளலாமே என்று அத்தானிடம் சொன்னேன், இனி எதற்கு என்று கேட்டுவிட்டு வெளியே போய்விட்டார். நீ அவளைக் கூட்டிக்கொண்டு போவதில் எனக்கு ஒரு குறையும் இல்லை என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். எழுத வரவில்லை. குறை இருக்கிறது. இருந்துவிட்டுப் போகட்டும், நீ கூட்டிக்கொண்டு போ. அவள் உன் பிள்ளை.

ஆறாம் தேதி ஊசியை நீயே போடு. நாங்கள் யாரும் பக்கத்தில் வர மாட்டோம். உன் கை நடுங்கினாலும் பரவாயில்லை. அவள் கண்ணை இறுக்கி மூடிக்கொள்வாள், உதட்டைக் கடித்துக்கொள்வாள். வலிக்கவில்லை என்று உனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். இருந்தாலும் "வலிச்சுதா கண்ணு?" என்று கேள். ஒரு வருஷமாக அவள் அதற்காகத்தான் காத்துக்கொண்டிருக்கிறாள்.

அக்கா